சக்கை லாரி ஓட்டிய வெனேரினா

என் அண்ணன் குல்யெல்மோ ஐம்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்ததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். எந்தப் பெண்ணைக் கூட்டிவந்து எதிரில் உட்கார வைத்தாலும் அவன் தன் மாடுகளைப் பற்றியே பேசுவான். ஒரு தடவை மொதிகாவிலிருந்து வந்த ஒரு நல்ல பெண்ணிடம், கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு கடைசியில் எப்படி வெளியே வந்தது என்பதைக் கையை வைத்தே காட்டினான். அவள் தன் முன்னால் இருந்த கேக்கைத் தொடாமலே போய்விட்டாள்.

"நல்ல பொண்ணுதான்" என்றான் பிறகு. "ஆனா கவனிச்சுக் கேக்க மாட்டேங்குது."

நானும் என் கணவன் சாரோவும் அதே முற்றத்தின் மறுபக்கத்து வீட்டில் இருக்கிறோம். சாரோவுக்கு டிராக்டர் பழுது பார்க்கிற வேலை. எங்கள் தீவின் ரகூசா மேட்டில் எல்லோருக்கும் இருப்பது போல எங்களுக்கும் கல்சுவர் கட்டிப் பிரித்த நிலம், நடுநடுவே இனிப்புக் காய் காய்க்கிற கரூபா மரங்கள், கறிக்கு வளர்க்கிற செங்காளைகள் இருபது சொச்சம். அவற்றை நடத்திப் போக பரோனே என்று ஒரு கிழட்டு எருது. பரோனே நடந்தால் மற்றவை நடக்கும், நின்றால் நிற்கும்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. இலையுதிர் காலத்தில் பச்சை தட்ட வேண்டிய நிலம் கிறிஸ்துமஸ் வந்தும் சுரண்டி வைத்த சட்டி மாதிரி கிடந்தது. உலர்புல் கப்பலேறி வடக்கிலிருந்து வந்தது. வாங்கினவர்கள் அதன் விலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பக்கத்துக்காரர் ஒருவர் இளங்கன்றுகளைக் கூட விற்றுவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் தினமும் காலையில் காளைகளின் விலாவைத் தடவிப் பார்ப்பான். எலும்பு கையில் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மதியம் பாஸ்தா தட்டைப் பாதியில் தள்ளி வைத்தான். அம்மா செத்த அன்றைக்குக்கூட அவன் சாப்பாட்டைத் தள்ளினவன் இல்லை.

"பாதி மாட்டை வித்துடலாம்னு இருக்கேன்" என்றான்.

சாரோ என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

அடுத்த நாள் பெட்ரோல் போடப் போன இடத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, அந்த இடம் முழுக்க ஆரஞ்சு மணம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என் வயதுப் பெண். தலையில் கட்டம் போட்ட துணி, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம்.

"ஏங்க, இது ஜாம் போடற இடத்துக்கா போகுது?" என்று கேட்டேன்.

"ஜாமா? நீங்க வேற. இது சக்கை. கீழ ஆலையில சாறு பிழிஞ்சப்புறம் தோல், கொட்டை, நார் எல்லாம் மலை மலையா நிக்குது. நான் மாட்டுக்காரங்களுக்குக் கொண்டு போறேன்."

"மாடு இதைத் திங்குமா?"

"திங்காமயா இந்த லாரி ஓடுது?"

சக்கையை ஆலை சும்மாதான் கொடுக்கிறது, தனக்கு வண்டிக் கூலி மட்டும் போதும் என்றாள். லாரி முதலில் அவள் புருஷனுடையது. அவன் போய்ச் சேர்ந்தபின் விற்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். இவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பெயர் வெனேரினா. நான் அண்ணனைக் கேட்கவில்லை, சாரோவையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் லாரி பின்பக்கமாகவே எங்கள் முற்றத்துக்குள் வந்தது. வாசலில் இரண்டு கல்தூண்கள். பக்கத்துக்கு ஒரு சாண் இடம்கூட இல்லை. சாரோவே அதில் வேனை இரண்டு முறை தேய்த்திருக்கிறான். வெனேரினா ஒரே மூச்சில் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். அண்ணன் வைக்கோல் அள்ளுகிற கவைக்கோலை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

"யாருடி இவங்க? என்ன இது நாத்தம்?"

"ஆரஞ்சுச் சக்கைண்ணே. நம்ம மாட்டுக்கு."

அவன் முகம் சிவந்தது. "என் மாடு என்ன பன்னியா? எவனோ பிழிஞ்சு துப்புனதைத் திங்கறதுக்கு? ஏம்மா, வண்டியைத் திருப்புங்க. குப்பையை எங்கயாவது பள்ளத்துல கொட்டிக்கோங்க."

வெனேரினா இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"ஐயா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா சொல்லுங்களேன்."

"ரொட்டி. ரிக்கோத்தா."

"ரிக்கோத்தா எதுல செய்யறாங்க? பாலாடைக்கட்டி எடுத்தப்புறம் மிஞ்சிக் கிடக்கற தண்ணியைத் திரும்பக் காய்ச்சித்தானே? மிச்சத்துல வந்ததை நீங்க தேன் விட்டுச் சாப்பிடுவீங்க. உங்க மாடு மட்டும் சாப்பிடக் கூடாதா?"

சாரோ சிரித்துவிட்டான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"ரிக்கோத்தா வேற" என்றான் அண்ணன்.

"வேறதான். அதுக்கு இவ்வளவு வாசம் கிடையாது."

அவள் லாரியில் ஏறி நெம்புகோலைத் தள்ளினாள். லாரியின் பின்பாகம் எழும்ப, முற்றத்து மூலையில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக ஒரு குன்று சரிந்து நின்றது. பனிக்கால வெயிலில் அதன்மேல் ஆவி பறந்தது. அண்ணன் பரோனேயை அவிழ்த்து இழுத்து வந்து அதன் முன்னால் நிறுத்தினான். பரோனே மூக்கை நீட்டி முகர்ந்தது. பிறகு ஒரு பெரிய தும்மல் போட்டு, திரும்பி, வாலை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு நடந்துபோனது.

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தியாடி? அதுக்கு இருக்கற புத்திகூட உனக்கு இல்லையே."

வெனேரினாவும் கூடவே சிரித்தாள். "புது ஆளைப் பாத்த உடனே கட்டிப் பிடிச்சுக்குமா? கொஞ்சம் கொஞ்சமா வைக்கோலோட கலந்து வைங்க. ஒரு வாரம் பழகட்டும். ஆனா ஒண்ணு, பழகினப்புறம் இஷ்டத்துக்குத் திங்க விட்டுடாதீங்க. அளவு மீறினா வயித்தைக் கெடுத்துடும்."

"என் மாட்டைப் பத்தி எனக்கே சொல்றாங்க பாரு" என்றான் அண்ணன், அவள் போன பிறகு. ஆனால் தூண்களுக்கு நடுவே லாரி வெளியே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

நான் கலந்தேன். நறுக்கிய வைக்கோல், இடித்த கரூபா காய், மேலே ஒரு கூடை சக்கை. முதல் நாள் காளைகள் வைக்கோலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சக்கையைத் தொட்டியின் ஓரத்தில் ஒதுக்கின. குழந்தைகள் கீரையை ஒதுக்குவது மாதிரி. அடுத்தடுத்த நாட்களில் ஒதுக்கிய அளவு குறைந்தது. ஒரு காலையில் பரோனே தொட்டிக்குள் தலையை விட்டது, எடுக்கவே இல்லை. எடுத்தபோது தாடையெல்லாம் ஆரஞ்சுத் தோல். மற்றவை அதைப் பார்த்தன. பிறகு தொட்டியோரம் ஒரே தள்ளுமுள்ளு.

அண்ணன் சுவருக்குப் பின்னால் விழாத கல்லை எடுத்து அடுக்குவது போலப் பாசாங்கு செய்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினான்.

"கலக்கற லட்சணத்தைப் பாரு. கட்டி கட்டியா. தள்ளு."

அன்று முதல் அவனே கலந்தான். விற்பதைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டாவது லோடு வந்தது, மூன்றாவதும் வந்தது. சக்கையை வைக்கோலோடு அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மேலே பழைய டயர்களை வைத்தால் கோடை வரைக்கும் கெடாது என்று வெனேரினா சொன்னாள். டயர்களைச் சாரோ கொண்டுவந்தான். அண்ணனும் வெனேரினாவும் குவியல் மேல் ஏறி மிதித்தார்கள். திராட்சை மிதிப்பது மாதிரி இருந்தது பார்க்க. அண்ணன் ஒரு கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னான். வெனேரினா மிதிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் கேட்டாள்.

"அப்புறம்? கால் முதல்ல வந்துச்சா, தலை முதல்ல வந்துச்சா?"

அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். அவனை யாரும் அதுவரை 'அப்புறம்?' என்று கேட்டதில்லை.

அதற்குப் பிறகு லோடு வருகிற நாளெல்லாம் அவன் காலையிலேயே முகம் மழித்துக்கொள்ள ஆரம்பித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாரோ சொன்னான்.

"என்ன மச்சான், மாடு தாடியைப் பாத்தா மிரளுதா?"

"உன் வேலையைப் பாரு மாப்ள."

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரோவின் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பினோம். முற்றத்துக்குள் நுழைந்ததும் அண்ணன் வேனின் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். புதுசாக வந்த குவியலுக்கு நாங்கள் போட்டிருந்த பலகைத் தடுப்பு உடைந்து கிடந்தது. காளைகள் எல்லாம் உள்ளே. முட்டிவரை சக்கையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தன. குவியலில் பெரும்பகுதியைக் காணோம்.

எல்லோருமாகச் சேர்ந்து அவற்றை வெளியே விரட்டினோம். நாலைந்துக்கு இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. பரோனேக்கு அது முரசு மாதிரி இருந்தது. தட்டினால் சத்தம் கேட்டது. அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டான். அவர் கத்தானியாவில் மகள் வீட்டில் இருந்தார். உடனே கிளம்புவதாகச் சொன்னார். அதுவரை செய்ய வேண்டியதையும் சொன்னார்: சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்று, வயிற்றை நன்றாகத் தேய்த்துவிடு, படுக்க விடாதே, நடத்திக்கொண்டே இரு.

போனை வைத்தவன் உடனே இன்னொரு எண்ணை அழுத்தினான். அதை அவன் எங்கேயும் பார்த்து அழுத்தவில்லை. அந்தப் பதற்றத்திலும் நான் அதைக் கவனித்தேன்.

வெனேரினா தன் சின்னக் காரில் வந்து இறங்கியபோது எங்களுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. நீலப் பட்டு கவுன், குதிகால் உயர்ந்த செருப்பு, காதில் முத்து. சொந்தக்காரக் குழந்தையின் ஞானஸ்நான விருந்திலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றி எங்கள் சமையலறை வாசலில் விட்டாள், என் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

"சோடா எங்க?"

"வீட்டுல இருந்தது இந்தக் கொஞ்சம்தான்" என்றேன்.

"மாப்ள, கடைக்காரன் வீட்டைத் தட்டு" என்று அண்ணன் சாரோவை விரட்டினான்.

காலி ஒயின் பாட்டில்களில் சோடாத் தண்ணீரை நிரப்பினோம். அண்ணன் ஒவ்வொன்றின் தலையையும் தோளில் தாங்கிப் பிடிக்க, வெனேரினா கடைவாயில் பாட்டிலைச் சொருகி மெதுவாக ஊற்றினாள். பாதி உள்ளே போனது, மீதி அவள் கவுனில். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு நடத்த வேண்டும். முற்றம் போதாது. இருக்கிற ஒரே நல்ல பாதை ஊருக்குள் இறங்குகிற சாலைதான். அண்ணன் பரோனேயின் கயிற்றைப் பிடித்தான். வெனேரினா ஒரு கழியோடு பக்கத்தில் வந்தாள். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, கனத்த வயிற்றோடு, விருந்து முடிந்து வெளியே வருகிற மாமாக்கள் மாதிரி ஆடி அசைந்து நடந்தன. நானும் சாரோவும் கடைசியில்.

ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு கோயிலிலிருந்து கடைத்தெரு வரை போவதும் வருவதுமாக நடப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் எங்கள் காளைகள் நுழைந்தன. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. பிறகு என்ன நடந்தது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள். தன் மாடுகளையெல்லாம் விற்றுவிட்ட அந்தப் பக்கத்துக்காரர் கதவைத் திறந்து வந்து, கேட்காமலே இரண்டு காளைகளின் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"என்ன குல்யெல்மோ, மாட்டையும் உலாத்தக் கூட்டிட்டு வந்துட்டியா?" என்று இனிப்புக் கடைக்காரர் கேட்டார்.

"அதுங்களுக்கும் ஞாயித்துக்கிழமைதானே" என்று வெனேரினா பதில் சொன்னாள்.

கோயில் வாசலுக்கு வந்ததும் பரோனே நின்றது. இழுத்தும் அசையவில்லை. பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. அதன் கண்கள் பிதுங்கியிருந்தன. கால்கள் லேசாக மடங்குவது போலத் தெரிந்தது. அண்ணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"டேய் ராசா. படுத்துடாதடா. ஒரே ஒரு அடி எடுத்து வைடா."

வெனேரினா தோளை அதன் இடுப்புக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு முஷ்டியாலும் வயிற்றை அழுத்தித் தேய்த்தாள். அண்ணன் மறுபக்கம் போய்த் தேய்த்தான். சத்தம் கேட்டுப் பாதிரியார் படியில் வந்து நின்றார்.

அப்போது பரோனே கழுத்தை நீட்டியது. அடிவயிற்றிலிருந்து ஏதோ உருண்டு வருவது போல ஒரு சத்தம் கிளம்பியது. வாய் திறந்தது. அப்படி ஓர் ஏப்பத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. அது நீண்டது, இறங்கியது, மறுபடி ஏறியது, கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தெரு முழுக்கப் புளித்த ஆரஞ்சு வாடை. முரசு மாதிரி இருந்த வயிறு எங்கள் கண்ணெதிரே அமுங்கியது.

"ஆமென்" என்றார் பாதிரியார்.

முதலில் சிரித்தவர் யாரென்று தெரியவில்லை. பிறகு தெருவே சிரித்தது. வயசான பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். பரோனேக்குப் பதில் சொல்வது போலப் பின்னாலிருந்து ஒவ்வொரு காளையாக ஏப்பம் விட ஆரம்பித்ததும் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். இனிப்புக் கடைக்காரர் பாதாம் பிஸ்கெட் தட்டையும் ஒயினையும் வெளியே கொண்டுவந்தார். டாக்டர் வந்து சேர்ந்தபோது ஊரே காளைகளுக்கு நடுவில் நின்று குடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொன்றாகக் காதை வைத்துக் கேட்டார், வாலடியில் சூடு பார்த்தார்.

"பிழைச்சுதுங்க. இன்னைக்கு வெறும் வைக்கோல் மட்டும். குல்யெல்மோ, அந்தத் தடுப்பை இரும்புல போடு" என்றார். பிறகு அவரும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டார்.

திரும்பி ஏறி வரும்போது நான் வேண்டுமென்றே சாரோவை இழுத்துக்கொண்டு முன்னால் போனேன். சாலை வளைகிற இடத்தில் பேச்சு காதில் விழத்தான் செய்தது.

"கவுன் பாழாப் போச்சு உங்களுக்கு" என்றான் அண்ணன்.

"துவைச்சா போகுது."

அண்ணன் பரோனேயை ஒரு தடவை அதட்டினான்.

"செருப்பு எங்க வீட்டுலதான் இருக்கு. நாளைக்கு வந்து எடுத்துக்கறீங்களா?"

"நாளைக்கு லோடு இல்லையே."

"லோடு இருந்தாத்தான் வரணுமா?"

சாரோ என் கையைக் கிள்ளினான். நான் திருப்பிக் கிள்ளினேன்.

அதன் பிறகு நடந்தது எந்தக் கணக்குக்கும் பொருந்தவில்லை. குவியல் பாதிகூடக் குறையாமல் இருக்கும்போதே அண்ணன் அடுத்த லோடு சொல்லுவான். முற்றத்தில் நடக்க இடமில்லை. நான் துணி காயப்போடச் சக்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"அண்ணே, இந்தத் தீவுல விளைஞ்ச ஆரஞ்சு மொத்தமும் நம்ம வீட்டுலதான் இருக்கு" என்றேன்.

"மழை எப்ப வரும்னு யாருக்குடி தெரியும்? இருக்கட்டும்" என்றான், காளைகளைப் பார்த்துக்கொண்டு.

ஈஸ்டர் முடிந்து சில நாளில் மொதிகாவிலிருந்து கசாப்புக்காரர் தூரி வந்தார். வழக்கமாக எங்கள் காளைகளை வாங்குகிறவர். குறை சொல்வதில்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்று தொழுவத்துக்குள் போனவர் ஒவ்வொரு காளையாகச் சுற்றி வந்தார். முதுகில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். தோல் செப்புப் பாத்திரம் போல மின்னியது.

"ஊரெல்லாம் எலும்பும் தோலுமா நிக்குது. உன்னுது எப்படிப்பா இப்படி இருக்கு? என்ன போடறே?"

வெனேரினா அப்போது முற்றத்தில் லாரியின் பின்கதவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் சாதாரணமாக, காளையின் காதைத் தடவியபடியே சொன்னான்:

"ஆரஞ்சுச் சக்கை. என் பொண்டாட்டி கொண்டு வர்றா."

தூரி என்னைப் பார்த்தார். சாரோ ஸ்பேனரைக் கீழே வைத்தான். அண்ணனுக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் அவன் காளைகளின் நிறத்துக்கு வந்தான்.

வெனேரினா குழாயை மூடினாள்.

"எப்ப இருந்து?"

"நீ சரின்னு சொன்னதுல இருந்து" என்றான் அண்ணன். அவளை அவன் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"நான் எப்பய்யா சொன்னேன்?"

"இன்னும் சொல்லல. இப்ப சொல்லு."

அவள் கையைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "லாரியை விட மாட்டேன்."

"யாரு விடச் சொன்னா?"

"காலையில நாலு மணிக்கு எழுந்து போவேன்."

"நான் மூணரைக்கே எழுந்துடுவேன்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். மறுபடி குழாயைத் திறந்து பின்கதவின் மறுபாதியைக் கழுவத் தொடங்கினாள். ஆனால் கழுவின இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தூரி தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு நான் விலை பேசினா எனக்குத்தான் நஷ்டம். குடிக்க ஏதாவது கொண்டு வாம்மா ரொசால்பா" என்று என் பக்கம் திரும்பினார்.

கல்யாணம் ஜூனில், ஆலையில் சாறு பிழிகிற வேலை நின்ற பிறகுதான் நடந்தது. அதற்கு முன் பெண்ணுக்கு நேரமில்லை. பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். சொல்ல நினைத்ததையெல்லாம் பிப்ரவரியிலேயே பரோனே சொல்லிவிட்டது என்றார். கோயிலுக்குள் எழுந்த சிரிப்பில் அண்ணன் மோதிரத்தைத் தவறவிட்டுக் குனிந்து தேடினான். விருந்துக்கு எங்கள் காளைக்கறிதான். தூரியே அடுப்பருகில் நின்று சுட்டுக் கொடுத்தார், ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் லாரியிலேயே கடற்கரைக்குக் கிளம்பினார்கள். வெனேரினா ஓட்டினாள். அண்ணன் மடியில் சாப்பாட்டுக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் கண்ணுக்கு மறைகிற வரை மாடுகளுக்கு என்னென்ன போட வேண்டும் என்று ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே போனான். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"பரோனே சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு."

"தொட்டியைக் கழுவுனியா?"

"கழுவுனேன். அண்ணே, நீ எப்படி இருக்கே? கடல் எப்படி இருக்கு?"

பக்கத்தில் வெனேரினா ஏதோ சொல்வதும், அலைச்சத்தமும், அண்ணன் சிரிப்பதும் கேட்டது. பிறகு அவன் போனைக் கட் செய்ய மறந்துவிட்டான். நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தொழுவத்துக்குப் போனேன்.